துரை குரலில் வந்த போன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ நகரில் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் எனக்கு வேலை. தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதும் மாற்றுவதும் என் பொறுப்பு. பாகான் செராய் முதல் ஹுத்தான் மெலிந்தாங் வரை சிதறிக் கிடந்த தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிகள் தினமும் காலையில் எனக்குப் போன் போட்டு நிலவரம் சொல்ல வேண்டும். பாதிப் பேரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. முகம் தெரியாது, இருமல் தெரியும். அதை வைத்துக்கொண்டே எல்லாரையும் கைக்குள் வைத்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

எங்கள் கம்பெனியின் தலைமை நிர்வாகியைப் பெரிய துரை என்போம். வெள்ளைக்காரர் போய் உள்ளூர்க்காரர் அந்த நாற்காலிக்கு வந்த பிறகும் துரை துரைதான். அவருடைய டிரைவரின் மனைவி ஒரு மத்தியானம் அலுவலகத்தின் பின்கதவு வழியாக என்னிடம் வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"அக்கா, இன்னிக்கு வீட்டுக்குப் போனா என்னைக் கொன்னுருவான். எங்கயாச்சும் ஒரு வேல போட்டுக் குடுங்கக்கா."

அன்றைக்கே அவளை ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தென்னந்தோட்டத்துக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அங்கிருந்த கிராணிக்குப் போன் போட்டேன். என்னைவிட வயதில் மூத்தவர், நல்ல மனிதர்.

"அண்ணே, இந்தப் பொண்ணு அங்க இருக்குறது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும். யார் கேட்டாலும் சொல்லிறாதீங்க. புருஷங்காரன் தேடிக்கிட்டு வருவான்."

"நான் ஏன் தங்கச்சி சொல்லப் போறேன்? கவலப்படாதலா."

இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. காலை நேரத்துப் போனில் அவர் இருமல் வரவில்லை. மூச்சுதான் வந்தது.

"தங்கச்சி, அவன் வந்துட்டான்லா."

மோட்டார் சைக்கிளில் வந்து, வேலைக்காட்டுக்குப் போகும் தோட்டப் பாதையின் வளைவில் காத்திருந்திருக்கிறான். கையில் கார் ஜாக்கிக் கம்பி. அவள் கையால் தலையை மறைத்துக்கொண்டதால் கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. கூட இருந்த பெண்கள் போட்ட கூச்சலில் ஓடிவிட்டான். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"யார்ணே சொன்னது?" என்று கத்தினேன்.

"சத்தியமா யாருக்கும் சொல்லல, தங்கச்சி."

"சொல்லாம எப்படி வருவான்? ஜோசியம் பாத்துட்டு வந்தானா?"

மெதுவாகச் சொன்னார். "பெரிய துரை மட்டும் முந்தாநாள் போன் போட்டுக் கேட்டாரு. என் டிரைவர் சம்சாரம் அங்கதான இருக்குன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. யெஸ் சார்னேன்."

பெரிய துரை அந்த வாரம் முழுக்க சிங்கப்பூரில் இருந்தார்.

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, துரை குரலில் பேசியது டிரைவரேதான். வருஷக்கணக்காக துரையின் காரை ஓட்டியவன் அவன். துரை தொண்டையைச் செருமுவது, பாதி வாக்கியத்தில் அதட்டுவது, பதிலுக்குக் காத்திராமல் போனை வைப்பது எல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்தே அவனுக்குப் பாடமாகியிருந்தது.

"யார் பேசுறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதாண்ணே?"

"துரைகிட்டயா?" அவர் குரலில் நிஜமான பயம் இருந்தது. "அந்தக் குரலக் கேட்டதுமே நான் எந்திரிச்சு நின்னுட்டேன் தங்கச்சி. நின்ன பெறகு என்னத்தக் கேக்குறது?"

டெலிபோனுக்கு எழுந்து நிற்பார்களா! வாயில் வந்தபடி திட்டினேன். யார் கேட்டாலும் என்று நான் சொன்னதில் துரை சேர்த்தி இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் கைகட்டி நின்றவர்களின் பிள்ளைகள் நாங்கள். துரையிடம் பெயர் கேட்பது எந்தத் தோட்டத்திலும் நடக்காத காரியம்.

மறுநாள் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே உத்தரவு போட்டேன். ஆள் விவரம் யார் கேட்டாலும், அது பெரிய துரையே ஆனாலும், நானே ஆனாலும், போனை வைத்துவிட்டு ஈப்போவுக்குத் திருப்பி அடித்து உறுதி செய்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

"துரை லைன்ல இருக்கும்போது நாங்க போன வைக்கிறதா? வேல போயிரும்லா," என்றார் பாகான் செராய்க் கிராணி.

"போனா போவட்டும். நான் பாத்துக்கிறேன்," என்றேன். அப்படியொரு வீறாப்பு.

டிரைவர் தலைமறைவாகிவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கையில் மாவுக்கட்டோடு என் மேசைக்கு முன்னால் நின்றாள். பத்து காஜா ஊர்ப் பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறேன், இந்த முறை எனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன்.

"வேணாங்க்கா. நானே ஒரு எடம் பாத்துட்டேன்."

"எங்க?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க மேசையிலயும் போன் இருக்கு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை செய்த என்னையே நம்பவில்லையே என்று கோபம்கூட வந்தது. சரி போ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஒற்றைக் கையால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே என் போன் அடித்தது. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அதே இங்கிலீஷ், அதே அதட்டல்.

"என் டிரைவர் மனைவியை எங்கே அனுப்பினாய்?"

"தெரியாது, சார்."

"நிஜமாகவா?"

"நிஜமாகத் தெரியாது, சார்."

லைன் துண்டிக்கப்பட்டது. பேசியது துரையா, அவனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பெயர் கேட்கவில்லை. திருப்பி அடிக்கிறேன் என்று சொல்லவுமில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் கவனித்தேன். என் நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரை இடித்துக்கொண்டு கிடந்தது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அவள் போன இடம் எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.