லினக்ஸுக்கு விட்டுவைத்த இடம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, மெஷினைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, அது ஏன் கெட்டது என்று வீட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் விளக்குகிற வேலை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களும், மாட்டிக்கொண்டவரைக் கட்டிக்கொண்டு தவிப்பவர்களும் இதை மறுக்க மாட்டார்கள்.

நான் 2006-இல் தக்கலையில் ஒரு கடையில் சேர்ந்தேன். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு பையனை அனுப்பி, படுக்கையறையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. "அந்த கம்ப்யூட்டர் பிள்ளைய அனுப்புங்க" என்று போன் வரும். பெண்ணான எனக்கு வேலை கிடைத்ததே அந்தப் போன்களால்தான்.

அந்த வீடுகளில் என் வீடும் ஒன்று. ஜெஸ்டினும் நானும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தோம். அங்கே ஒரு பழைய மெஷினில், விண்டோஸ் மாதிரியே மெஷினை ஓட்டுகிற, ஆனால் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட முயன்று ஒரு செமஸ்டர் முழுக்கத் தோற்றோம். அந்தத் தோல்வியில்தான் காதல் வந்தது. கல்யாணம் முடிந்ததும் பாகங்கள் வாங்கி ஒரு புது மெஷின் பூட்டினோம். டிஸ்கில் பாதியில் விண்டோஸ் போட்டோம். மறுபாதியை லினக்ஸுக்கென்று காலியாக விட்டிருந்தபோது அவருக்கு மஸ்கட் விசா வந்துவிட்டது. "நீ தனியா போட்டுரப்பிடாது, கேட்டியா? நான் லீவுக்கு வந்து ரெண்டுபேருமா இருந்து போடலாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். நானும் தலையாட்டினேன்.

மீதி எங்கே?

கடையில் சேர்ந்த புதிதில் சுசீந்திரத்தில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியருக்குப் புது மெஷின் கொண்டுபோய் வைத்தேன். எண்பது ஜிபி டிஸ்க். மறுநாளே கடைக்கு வந்து நின்றார். வயல் வரப்பை அளந்து பழகிய மனிதர், டிஸ்கையும் அளந்திருக்கிறார். "நாற்பதுதானே காட்டுது, மீதி எங்கே?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டு மெஷின் நினைப்பில் அவருடைய டிஸ்கிலும் பாதியைக் காலியாக விட்டிருந்தேன்.

சமாளிக்கப் பார்த்தேன். பிற்பாடு லினக்ஸ் என்று ஒன்று போட வேண்டுமென்றால் இடம் வேண்டுமே சார், அதற்காக ஒதுக்கியது என்றேன். அது எப்போது வரும் என்று கேட்டார். லீவு கிடைத்ததும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வாற ஆளு வரட்டும் மக்கா, அதுவரைக்கும் அந்த எடத்துல நான் எனக்க பேரப்பிள்ளைக்க போட்டோவப் போட்டுக்கிடுதேன்."

ரோஸம்மாவின் ரப்பர் ஷீட்

ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் மாவட்டத்தில் இடி மின்னலுக்கும் டெலிபோன் கம்பிக்கும் ஏதோ பழைய பகை இருப்பது தெரியவரும். கம்பி வழியாக இறங்குகிற மின்னல் முதலில் குடிப்பது, இன்டர்நெட்டுக்காக அந்தக் கம்பியில் மாட்டியிருக்கிற மோடத்தை. திருவட்டாறில் ரோஸம்மா அக்காவின் மெஷின் பத்து நிமிடம் ஓடி அணைந்துவிடுகிறது என்று போனேன். அறைக்குள் நுழைந்ததுமே புகைபோட்ட ரப்பர் வாடை. அக்கா வீட்டுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. ரப்பரில் கரண்டு பாயாது என்று மகனின் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, காயப்போட்டிருந்த ஷீட்டுகளை எடுத்து மெஷினை நாலாபுறமும் பொதிந்து வைத்திருந்தார். உள்ளே மூச்சுமுட்டி, கொதித்து, அது தானாகவே அணைந்துகொண்டிருந்தது. ஷீட்டை உரித்தேன், மெஷின் பிழைத்தது. மழைக்காலத்தில் டெலிபோன் கம்பியைப் பிடுங்கி வைத்தால் போதும் என்று பாடம் நடத்திவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தால் என் மோடம் கருகிக் கிடந்தது. காலையில் அவசரத்தில் கம்பியைப் பிடுங்க மறந்திருக்கிறேன். சாதாரண மோடமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். உள்ளே பொருத்துகிற மோடத்தை லினக்ஸுக்குப் பிடிக்காது என்று கேள்விப்பட்டு, வெளியே வைக்கிற மோடம் ஒன்றை ஜெஸ்டின் மஸ்கட்டில் தேடி வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவர் கைப்பட்டு வந்த பொருள் அது ஒன்றுதான். அழுதேன். அடுத்த வாரம் ரோஸம்மா அக்காவிடம் சொன்னபோது அவருக்கு என்னைவிட வருத்தம். "அய்யோ பிள்ளே, ஒரு ஷீட்டு கேட்டிருந்தா நான் சும்மா தந்திருப்பேனே!"

உம்மாவின் இரண்டு பிள்ளைகள்

தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு உம்மாவுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் துபாயில். சேர்ந்து ஒரே மளிகைக்கடை நடத்துகிறார்கள். ஒருவர் லீவில் வந்தால் மற்றவர் கடையில் நிற்க வேண்டும். இரண்டு பேரையும் ஒரே சாப்பாட்டுப் பாயில் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன என்று உம்மா சொன்னார். கல்லூரியில் கேட்டார்கள் என்று பேரன் அந்த வீட்டு மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போடச் சொன்னான். என் வீட்டில் செய்ய முடியாததை அடுத்தவர் வீட்டில் செய்வதும் ஒரு சுகம்தான். போட்டு முடித்து, மெஷினைத் திறந்தால் முதலில் இரண்டு பெயர்கள் வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று காட்டினேன்.

உம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒரே சமயத்துல வருமா?" என்று கேட்டார். வராது உம்மா, ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும் என்றேன். பிறகு எனக்கு சாயா எடுக்கத் திரும்பியவர் சொல்லிக்கொண்டே போனார்: "அப்போ இதும் எனக்க பிள்ளியள மாதிரிதான்."

ஆளைக் காட்டாத சிடி

குளச்சல் நூர்ஜகானின் கணவர் சவுதியில். அங்கே வெள்ளி விடுமுறை, அன்று சாயங்காலம்தான் கம்ப்யூட்டர் கேமராவில் முகம் பார்ப்பது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வைரஸ் ஏறி மெஷின் திறக்கவில்லை என்று அழுகிற குரலில் போன். ஓடினேன். டிஸ்கில் இருக்கிற கல்யாணப் போட்டோக்களை முதலில் காப்பாற்ற வேண்டும். என் பையில் எப்போதும் ஒரு லினக்ஸ் சிடி கிடக்கும். அதை உள்ளே தள்ளினால், டிஸ்கைத் தொடாமல் சிடியிலிருந்தே மெஷின் எழுந்து நிற்கும். எழுந்தது. போட்டோக்கள் ஒன்று குறையாமல் வந்தன. நூர்ஜகான் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் புதுத் திரையே அழகாக இருக்கிறதே, இதுவே இருக்கட்டும் என்றார். கேமராவைச் செருகினோம். விளக்கு எரியவில்லை. அந்தக் காலத்து லினக்ஸுக்குப் பல கேமராக்கள் அறிமுகமே இல்லை. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன்.

கடைசியில் விண்டோஸை மறுபடி போட்டேன். மஃரிபு தொழுகைக்கு முன்னால் அவருடைய ஆள் திரையில் வந்துவிட்டார். நான் நாகரிகமாக முற்றத்தில் போய் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன்? மஸ்கட்டில் ஜெஸ்டினுக்கு வெள்ளியும் வேலை. கிளம்பும்போது சிடியைத் திருப்பித் தந்து நூர்ஜகான் சொன்னார்: "எல்லாம் கொள்ளாம் மக்கா, ஆனா எனக்க ஆளைக் காட்டாத சாதனம் எனக்கு எதுக்கு?"

பயற்றுப் பந்தல்

ஜெஸ்டினின் லீவு முதலில் கிறிஸ்துமஸுக்கு என்று இருந்தது. மாற்று ஆள் வரவில்லை என்று ஈஸ்டருக்குப் போனது. பிறகு கம்பெனிக்குப் புது காண்டிராக்ட் கிடைத்தது; அந்தக் காண்டிராக்டைச் சபிக்காத நாள் இல்லை. லினக்ஸ் சிடி மட்டும் ஆறு மாதத்துக்கு ஒன்றாக, புதுப் பதிப்பு புதுப் பதிப்பாக, கேட்டதும் இலவசமாக வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்துகொண்டிருந்தது. போனில் ஜெஸ்டின் கேட்பார், "அந்த எடம் அப்படியே கெடக்கா?" கிடக்கிறது என்பேன். சினிமாப் பாட்டு வைக்கக்கூட இடமில்லாமல் விண்டோஸ் பக்கம் பிதுங்கியபோதும் அந்தப் பாதியை நான் தொடவில்லை.

பழைய சிடிகளை மாமி, அதாவது ஜெஸ்டினின் அம்மா, வாங்கிக்கொண்டுபோய் பயற்றுப் பந்தலில் நூல் கட்டித் தொங்கவிட்டார். வெயிலில் மின்னினால் கிளி வராதாம். கிளிகள் இரண்டே வாரத்தில் பழகிவிட்டன. அடுத்த சிடி வந்த அன்று தபால்காரரிடமிருந்து உறையை வாங்கிய மாமி, அதை என் கையில் தராமல் சற்று நேரம் வைத்துக்கொண்டு நின்றார். "சிடி மொறைக்கு வந்து சேருது. எனக்க பயலத்தான் ஒருத்தனும் அனுப்பித் தரமாட்டேங்கான்."

லீவு

வந்தார். ஒரு மாத லீவு. முதல் வாரம் சொந்தக்காரர் வீடுகள். அடுத்தது இரண்டு கல்யாணம், ஒரு ஞானஸ்நானம். பிறகு, வெளிநாட்டு ஆள் வந்திருக்கிறார், எங்கள் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் பாரும் என்று அக்கம்பக்கத்தார் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஒருத்தி தினமும் அதே வேலையைச் செய்வது யார் கண்ணிலும் படவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில்தான் எங்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் போடலியா? நீயே போட்டிருக்கலாமே" என்றார்.

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் கண்ணீரும் வந்துவிட்டது. "நீங்கதானே ரெண்டுபேருமா போடலாம்னு சொன்னிய? ஊருல உள்ள மெஷினுக்கெல்லாம் போட்டேன். இதுல மட்டும் கைவைக்காம இருந்தேன்" என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடைசியாக வந்த சிடியைப் போட்டோம். காலி இடத்தை அது கேட்காமலே கண்டுபிடித்தது. யார் பெயரில் என்று அது கேட்டபோது என் பெயரை அடித்தார். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் மெதுவாக நகரத் தொடங்கியது. செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்த லீவில் நாங்கள் இரண்டு பேரும் யாரும் கூப்பிடாமல் சேர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். மஸ்கட்டில் அவர் அறையில் எட்டிப் பார்க்கிற பூனையைப் பற்றிச் சொன்னார். நான் ரப்பர் ஷீட் கதையைச் சொன்னேன். பட்டை முக்கால்வாசி தாண்டியபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். "ஏட்டி, இதைவிட மெதுவா ஏறுத பழைய சிடி ஒண்ணும் வீட்டுல இல்லியா?"

மறுநாள் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன் ஏறினார். புது லினக்ஸுக்குக் கேமராவும் தெரிந்தது, அவருக்கு வேலை இல்லாத நேரத்தில் அதில் அவர் முகம் வருகிறது. ஒரே டிஸ்கில் இரண்டு சிஸ்டத்தைச் சண்டையில்லாமல் குடிவைக்க மாவட்டம் முழுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், ஒரே வீட்டில் இரண்டு பேரை ஒரு மாதத்துக்கு மேல் குடிவைக்கிற வித்தை மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.