சுண்ணாம்புக்கல் வாய்க்கால்

மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் மடை திறந்து, வாய்க்கால் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, தகரக் கொட்டகைக்குள் தொட்டிகள் வைத்து மீன்குஞ்சு வளர்த்தார்கள் ஒரு அண்ணனும் தம்பியும். தொட்டி, மோட்டார், விற்பனை எல்லாம் அவர்கள் பாடு. முட்டைத் தட்டுகள் அண்ணன் மனைவியின் பொறுப்பு. செத்த முட்டை வெள்ளையாகிவிடும். விட்டுவைத்தால் பூசணம் பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். தினமும் இடுக்கியால் அவற்றைப் பொறுக்கி எடுப்பாள். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவள் அல்ல. கணவனோடு நாள் முழுக்கச் சளசளவென்று சண்டை போட்டுக்கொண்டேதான் வேலை செய்வாள்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் தட்டுகளில் தண்ணீர் வரத்து குறைந்தது. ஓட்டம் நின்றால் முட்டைகள் செத்துவிடும். மடையில் இலை அடைத்திருக்கும், இந்த மனுஷன் என்ன செய்கிறார் என்று திட்டிக்கொண்டே போனாள். அவன் மடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் இலை வாரும் வாரி. உயிர் இல்லை. மாரடைப்பு என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

அவள் வாரியை அவன் கையிலிருந்து எடுத்து, கம்பி வலையில் அடைத்திருந்த இலைகளை இழுத்துப் போட்டாள். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

இது வெளியே தெரிந்துபோயிற்று. "கல்லு மனசுக்காரி" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு வலிக்கவில்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பது போலிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் சாப்பிட்டாள், தூங்கினாள், முட்டை பொறுக்கினாள். யாரையும் திட்டவில்லை. கொழுந்தன்தான் தவித்துப் போனான். "அண்ணி, ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்பான். "என்ன பேசணும்?" என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

முட்டைகள் பொரிந்தன. மலையில் பனி உருகத் தொடங்கியது. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. மழை விட்ட காலையில் கொட்டகைக்குள் நுழைந்தவள், குஞ்சுகள் தட்டுத் தட்டாக மல்லாந்து கிடப்பதைக் கண்டாள். தொட்டியில் பெரிய மீன்கள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறின. தண்ணீரோ பளிங்கு மாதிரி இருந்தது. வாளியை எடுத்துவந்து செத்தவற்றை அள்ளத் தொடங்கினாள்.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாம் போச்சு அண்ணி! மேல மரம் அறுக்குறான் பாருங்க, அவன்தான் எதையோ ஆத்துல கலந்துவிட்டிருக்கான்."

"போலீசுக்குப் போறியா?"

"போலீசு எதுக்கு? நானே போறேன்."

மர ஆலைக்குப் போய், முதலாளியின் சட்டையைப் பிடித்து, ஜன்னல் கண்ணாடியையும் உடைத்துவிட்டு வந்தான். அவள் மட்டும் நீர்ப் பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்தாள்.

மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். சளி பிடித்து மூக்கை உறிஞ்சியபடியே புட்டிகளை ஆற்றுத் தண்ணீராலேயே அலசி, காற்றுக்குமிழி நிற்காமல் நிரப்பிக்கொண்டாள். ஆலைக்கு மேலேயும் கீழேயும் எடுத்தாள். கையிலிருந்த மீட்டர் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே தண்ணீர் அமிலமாகிப் புளிப்பேறியிருப்பதைக் காட்டியது. செத்த குஞ்சுகளையும் கொண்டுபோனாள். முடிவு வந்ததும் நேரிலேயே வந்து சொன்னாள்.

"யாரும் எதுவும் கலக்கலைங்க. குளிர்காலம் பூரா காத்துல இருக்குற புகையோட அமிலம் பனியில சேர்ந்து கெடக்கும். முதல்ல உருகுற தண்ணியில அது மொத்தமா இறங்கிடும். இந்தத் தடவை மழையும் சேர்ந்து ஒரேடியா இறக்கிடுச்சு."

"பனி வருஷா வருஷம்தானே உருகுது?" கொழுந்தன் விடவில்லை.

"மெதுவா உருகினா ஆறு சமாளிச்சுக்கும். ஆனா இங்க கருங்கல் மலை. சுண்ணாம்பு கிடையாது. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க உங்க தண்ணியில ஒண்ணுமே இல்லை. மண்ணுல இருக்குற அலுமினியம் கரைஞ்சு வந்து செவுள்ல ஒட்டிக்கிச்சு. மூச்சு முட்டித்தான் செத்திருக்கு."

"அப்ப யார் மேலயும் தப்பில்லையா?"

"இந்த ஊர்ல யார் மேலயும் இல்லைங்க."

அவன் அப்படியே வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான். திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் போனது அவனுக்குக் குஞ்சுகள் செத்ததைவிடப் பெரிய அடியாக இருந்தது. அண்ணன் செத்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

"எந்திரி," என்றாள். "கண்ணாடி உடைச்சிருக்கே. போய்ச் சொல்லிட்டு வருவோம்."

இருவருமாகப் போனார்கள். ஆலைக்காரர் முதலில் எகிறினார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, என் மரத்தூள்தான் காரணமோன்னு" என்றார். கண்ணாடியைக் கொழுந்தனே மாட்டிக் கொடுத்தான்.

பரிசோதனைப் பெண் சொன்னபடி வாய்க்காலில் சுண்ணாம்புக்கல் ஜல்லி பரப்பினார்கள். தண்ணீர் அதன்மேல் ஓடிவரும்போது புளிப்பு குறையும். ஆனால் கல்மேல் வழவழப்பாகப் படலம் படிந்துவிட்டால் அப்புறம் அது வெறும் கல்தான். அடிக்கடி கிளறிவிட வேண்டும். அவள் கிளறினாள். காலையில் மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். எண் ஏறினாலும் இறங்கினாலும் முகம் ஒன்றுபோலவே இருந்தது.

கோடை முடியும் தறுவாயில், ஒரு மாலை ஜல்லியைக் கிளறிவிட்டு வந்தவள், வாசலில் கொழுந்தன் குறுக்கே கழற்றிப் போட்டிருந்த ஈர பூட்ஸில் இடறி விழப் பார்த்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? வழியில போட்டிருக்கே! மாடா நீ? எத்தனை தடவை சொல்றது? இது வீடா, சந்தையா?"

குரல் கொட்டகைவரை கேட்டது. கத்தி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. கொழுந்தன் பூட்ஸை எடுக்காமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க அண்ணி."

"போடா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றும் அழுகை வரவில்லை.

அடுத்த வசந்தத்தில் பனி உருகியபோது பாதிக்குமேல் குஞ்சுகள் பிழைத்தன. சந்தையில் யாரோ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "இருக்கேன்" என்றாள். பிறகு, பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரும் குஞ்சும் அடைத்து, காற்றேற்றிக் கட்டிக்கொண்டிருந்த கொழுந்தனிடம் திரும்பி, முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று சிடுசிடுத்தாள்.