செத்த தண்ணீரில் ஊதியது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு விஞ்ஞானம் எதற்கு என்ற கூச்சம் ஒரு பக்கம். ஓதி ஊதுவதை நானே கேலிக்கு இடமாக்கிவிடுவேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். அல்லாஹ் மன்னிப்பவன் என்று நம்பி எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு செவ்வாப்பேட்டைப் பெண் ஒருத்தி குடிவந்தாள். ஆராய்ச்சி மாணவி. வயலில் அடிக்கிற பூச்சிமருந்து மழையோடு ஓடி, பழவேற்காடு முகத்துவாரத்தில் போய்ச் சேருகிறது. அதை அங்குள்ள கிருமிகள் தின்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்த மருந்து இரண்டு வடிவமாக இருக்குமாம். சரக்கு ஒன்றுதான்; ஆனால் வலது கையும் இடது கையும் போல ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. கிருமி ஒரு கையைத் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுமாம்.

"இன்னாம்மா, கிருமிக்குக்கூட சோத்துக் கை, பீச்சாங்கை தெரியுதா? எங்க ஊட்டுப் பசங்களுக்கே இன்னும் தெரியல" என்றேன்.

"சிரிக்காதீங்க மாமா. இத்த நிரூபிச்சாத்தான் எனக்குப் பட்டம்."

கல்லூரியில் இடமில்லாததால் பாட்டில்களை எங்கள் மாடியிலேயே வைத்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு. ஆறில் முகத்துவாரத் தண்ணீர் அப்படியே. மற்ற ஆறில், அதே தண்ணீரை என் மனைவியின் குக்கரில் வேகவைத்து, கிருமியெல்லாம் செத்த தண்ணீர். எல்லாவற்றிலும் துளி மருந்து. செத்த தண்ணீரில் இரண்டு கையும் சமமாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் மற்றதில் குறைவது கிருமியின் வேலை என்று ஒப்புக்கொள்வார்கள்.

"ஆத்துத் தண்ணிக்கு விசில் வுடுற ஒரே ஊடு நம்ம ஊடுதான்" என்று என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அளந்து பார்க்கும் நாள் நெருங்க நெருங்க அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் பள்ளிவாசல் வாசலில் மாலைத் தொழுகை முடிந்ததும் தாய்மார்கள் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள்; மூடியைத் திறந்து நீட்டுவார்கள், பிள்ளைகளுக்கு நோய் தீர துஆ ஓதி ஊதிக் கொடுப்போம். அது கைக்குப் பழகிப்போனது. அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், காலைத் தொழுகை முடித்த கையோடு மாடி ஏறினேன். பன்னிரண்டு மூடியையும் கழற்றி ஒரு தட்டில் போட்டேன். மனமுருகி ஓதி, ஒவ்வொன்றிலும் ஊதி, மூடிவிட்டு வந்தேன். எந்த மூடி எந்த பாட்டிலுடையது என்று யோசிக்கவே இல்லை.

சில வாரம் கழித்து அளந்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள்.

"செத்த தண்ணியிலயும் ஒரு கை கொறைஞ்சிருக்கு மாமி. எல்லாத்தையும் கொட்டிடுன்னுட்டாரு காலேஜ் சாரு. இன்னொரு தபா தப்பாச்சுன்னா படிப்ப வுட்டுட வேண்டியதுதான். ஒருவேளை குக்கர் கேஸ்கட் சரியில்லையோ?"

"என் குக்கரா? எலும்பே பஞ்சாப் போவும் அதுல! உன் கிருமிக்கு அவ்ளோ திமிரா?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அப்படியே பார்த்தேன். மூன்றாம் நாள் என் மனைவி கடைக்குப் போய்ப் புது கேஸ்கட் வாங்கி வந்தாள். குற்றமில்லாத குக்கருக்குத் தண்டனை. அன்றே இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

அவள் வாயைப் பிளந்தாள். "மூடிய மாத்திட்டீங்களா? உசுருள்ள தண்ணி ஒரு சொட்டு மூடியில ஒட்டினிருந்தாலே போதுமே மாமா! நான் கஷ்டப்பட்டுச் சாவடிச்சேன், நீங்க உசுரு குடுத்துட்டீங்க!"

"ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா. உசுரு குடுக்கறவன் அவன் ஒருத்தன்தான்."

என் மனைவி விடவில்லை. "இன்னாங்க, மூடியத் தொறந்தாத்தான் அல்லாவுக்குக் கேக்குமா?"



மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை பழவேற்காட்டிலிருந்து தண்ணீர் கேனைப் பேருந்தில் சுமந்து வந்தது நான். துஆவைக் கீழ்வீட்டில் உட்கார்ந்தே கேட்டேன். செத்த தண்ணீரில் இரண்டு கையும் சமமாக நின்றன. மற்றதில் ஒன்று மளமளவென்று குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

இனிப்போடு வந்தவள், தடித்த ஆய்வுப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். முதல் தொகுதி பாட்டில்கள் ஆய்வாளரின் கவனக்குறைவால் கெட்டுப்போயின என்று எழுதியிருந்தாள்.

"பொய்தானேம்மா இது?"

"உங்களப் போயி எப்படி மாமா அதுல எழுதறது?" என்று சொல்லி, லட்டை என் வாயில் திணித்துவிட்டாள்.

அந்த வரி அச்சில் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கவனக்குறைவு இல்லை, கெடுத்தவன் நான். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். பாய் பாவம், பெரிய மனுஷன் என்று என் தப்பைக் குறைக்க வேண்டாம். ஊதியதில் ஏதோ அற்புதம் நடந்தது என்று கூட்டவும் வேண்டாம்.