அண்ணாச்சி போட்ட தோட்டம்

ஜெயலக்ஷ்மிக்கு வெள்ளைத்துரை அண்ணாச்சியைக் கண்டால் ஆகாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்ன வயதில் வந்து அவருடைய தி.நகர் ஜவுளிக்கடையில் சேர்ந்தவள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். அத்தனை வருஷமும் அவர் போடுகிற சோற்றைத்தான் தின்றாள், பிடிக்காமலேதான் தின்றாள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பட்டுப் பிரிவில் அவள் விரித்துக் காட்டினால் சேலை விற்றுவிடும் என்பதால் அவர் பொறுத்துக்கொண்டார். தம்பி படிப்பு, தங்கை கல்யாணம் என்று ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் அவள் பொறுத்துக்கொண்டாள்.

வெறுப்புக்குக் காரணம், நிற்பது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை விற்கிற பெண்கள் நிற்க வேண்டும். கூட்டம் நெரிந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நிற்க வேண்டும். கடைப் பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது அண்ணாச்சியும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். ஆய்வுக்கு வந்தவர்கள் போன மறுநாளே அவை மாடிப்படிக்கு அடியில் அடுக்கப்பட்டன. “உக்காந்தா சோம்பல் வந்துரும்ட்டி,” என்பார், மெத்தை போட்ட கல்லாவில் உட்கார்ந்தபடியே.

சோம்பல் வரவில்லை, நரம்பு வந்தது. ஜெயலக்ஷ்மியின் கெண்டைக்காலில் பச்சைப் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு நின்றது. சாயங்காலமானால் கால் பாறாங்கல்லாகக் கனக்கும். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, தினமும் காலைத் தூக்கி உயரத்தில் வைத்துப் படுக்கச் சொன்னார். “இல்லேன்னா கணுக்கால்ல புண்ணு வரும்மா. வந்தா லேசுல ஆறாது,” என்றார்.

கடைப் பெண்களுக்கான விடுதி அண்ணாச்சி வீட்டின் பின்கட்டில் இருந்தது. அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில்கள், நிமிர்ந்து உட்கார்ந்தாலே தலை இடிக்கும், காலை எங்கே தூக்குவது? அதனால் ஜெயலக்ஷ்மி கொல்லைக்குப் போனாள். அங்கே ஒரு வேப்பமரம், துணி காயப்போடும் கொடிகள், மதில் ஓரத்தில் அகலமான துவைகல். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் அந்தக் கல்லில் மல்லாந்து படுத்து, காலிரண்டையும் மதிலில் ஏற்றி வைப்பாள். சுற்றிலும் மற்றப் பெண்கள் தலை பின்னிக்கொண்டு, துணி அலசிக்கொண்டு, சூப்பர்வைசரைக் கிண்டலடித்துக்கொண்டு இருப்பார்கள். அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது.

அதற்கும் வந்தது வேட்டு. அண்ணாச்சிக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உட்கார்ந்தே கிடந்தது போதும், தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பார்க்குக்குப் போகலாமே என்றாள் அவர் மனைவி முத்துலட்சுமி. போவாரா மனுஷர்? எதிர்க்கடைக்காரன் கண்ணில் பட்டால், ‘வெள்ளைத்துரைக்கு முடியலையாம், கடை கைமாறப் போகுதாம்’ என்று தெருவெல்லாம் பரப்பிவிடுவான் என்று பயம். ஆகவே பார்க்கையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடத் தீர்மானித்தார்.

வேளச்சேரியிலிருந்து அஃப்தாப் என்ற தோட்டக் கான்ட்ராக்டர் வந்தான். கொல்லையைச் சுற்றிவந்து, போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான்.

“இங்க எட்டு மாதிரி நடைபாத, கூழாங்கல்லு பதிச்சுடலாம் சார். அந்தாண்ட கூரை போட்டு சைக்கிள் மெஷின். இங்க மரத்துல மேடை, சாஞ்சுக்கிற சேரு. தண்ணி சத்தம் கேட்டுக்கினே கண்ண மூடினா டென்ஷன்லாம் பூடும். இந்தக் கல்லு இன்னாத்துக்கு கீது, எட்த்துடலாமா?”

“எடுத்துரு,” என்றார் அண்ணாச்சி.

துவைகல் எளிதில் உடையவில்லை. மெஷின் வைத்துப் பிளந்து சாக்கில் அள்ளிப் போனார்கள். கொடிகளை அறுத்தார்கள். மேடையில் சருகு விழுகிறதென்று வேம்பை மொட்டையடித்தார்கள். பாய் மாதிரி விரிக்கிற புல் வந்தது, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் கல் யானை வந்தது. பொட்டப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று விடுதி ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தார்கள். பெண்கள் ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கனக்கிற காலோடு ஜெயலக்ஷ்மியால் அத்தனை படி ஏற முடியவில்லை.

ஜெயலக்ஷ்மி கேட்காமல் இல்லை. கல்லாவுக்கு முன்னால் போய் நின்று கேட்டாள்.

“அண்ணாச்சி, காலைத் தூக்கி வைக்க அங்கன ஓரமா கொஞ்சம் இடம் விட்டீங்கன்னா…”

“கட்டில்ல வையி.”

“தூக்கினா மேல்கட்டில் இடிக்குது அண்ணாச்சி. டாக்டரம்மா புண்ணு வந்துரும்னு சொல்லுதாங்க.”

“அப்பம் ஊருக்குப் போயி வையி,” என்று சொல்லிவிட்டு அவர் ரசீதுக்குத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் தலையில் இடி விழக் கூடாதா என்று அவள் மனதார நினைத்தாள். இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வினை அதோடு நிற்கவில்லை. தனியாக நடக்கும்போது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று முத்துலட்சுமி பதறினாள். ஆனால் காலை நேரம் அவளுக்குப் பூஜை நேரம். பொறுப்பான ஆளாக ஒருத்தி வேண்டும். ஜெயலக்ஷ்மியைத்தான் கைகாட்டினார் அண்ணாச்சி. துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் புல்லோரத்தில் அவள் நிற்க வேண்டும், அவர் எட்டுப் போட்டு முடிக்கும்வரை. அதன் பிறகு அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி யானைத் தண்ணீரைக் கேட்பார். அப்போதும் நிற்க வேண்டும். போயிற்று, அந்த அரைமணியும்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் அவள் இடது கணுக்கால் கறுத்தது. பிறகு அரித்தது. ஒருநாள் காலை பாவாடை விளிம்பு ஈரமாக ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்ன புண் வந்தேவிட்டது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, துண்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அண்ணாச்சி புது ஷூ போட்டு எட்டுக்குள் வளைந்துகொண்டிருந்தார். ஜெயலக்ஷ்மிக்குக் கால் தீயாக எரிந்தது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தாள். பிறகு பாட்டிலைப் புல்லில் வைத்தாள், மேடையில் ஏறினாள், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் வைக்கிற பலகை மேல் முதலில் இடதை ஏற்றினாள், அப்புறம் வலதை.

அண்ணாச்சி நடுவில் நின்றுவிட்டார்.

“ஏட்டி, எந்திரி.”

“மாட்டேன் அண்ணாச்சி.”

“அது யாரு சேரு தெரியுமா?”

“தெரியும். கால்ல புண்ணு வந்துட்டு. என்னால நிக்க முடியாது.”

“உன் சீக்கை எல்லாம் கொண்டாந்து எஞ் சேர்லயா வைக்க? கொழுப்பாட்டி ஒனக்கு?”

அவர் முகம் சிவந்தது, கை நெஞ்சுக்குப் போனது. ஜெயலக்ஷ்மி அசையவில்லை. “மயக்கம் வருதா? வந்தா சொல்லுங்க, பூஜையில இருக்க அக்காவைக் கூப்பிடுதேன்,” என்றாள். அவள் குரலில் இரக்கம் துளியும் இல்லை.

மேலே சலசலப்புக் கேட்டு அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தலைகள். பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி கடைப் பெண்கள் எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குத் தகரம் அடித்தவருக்கு மாடி நினைவுக்கு வராமல் போயிற்று.

“இன்னையோட உனக்கு வேலை கெடையாது,” என்று கத்தினார், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று. “பெட்டியக் கட்டு!”

பெட்டியைக் கட்டி எங்கே போவது? தம்பி வீட்டில் இரண்டு நாளுக்குமேல் தாங்காது. இந்த வயதில், இந்தக் காலோடு, எந்தக் கடை எடுக்கும்? எடுத்தாலும் அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பலகை மேலே கிடந்த காலில் எரிச்சல் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்திருக்க அவளுக்கு மனசில்லை.

“சரி அண்ணாச்சி,” என்றாள். “கணக்கு முடிக்க ஆபீஸ் பத்து மணிக்குத்தான தொறப்பாங்க? அதுவரைக்கும் உக்காந்திருக்கேன். நீங்க நடங்க.”