கேட்காமல் எழுதிய பக்கம்

உமாபதிக்குக் காது மந்தம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் அவர் எழுதியதைப் படித்தவர்கள் மட்டும்தான்.

புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளி இருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் அவர் இருபத்திரண்டு வருஷமாகச் சார்ஜ்மேன். ஆலையின் மின்சாரம் முழுக்க அவர் பொறுப்பு. கொதிகலனும் டர்பைனும் போட்ட கூச்சலில் காதில் பாதி போயிற்று. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய வீட்டு ஹால்களில் அலங்காரமாக உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபையர்களை அளந்து பார்த்து, நல்லதா கெட்டதா என்று கோலாலம்பூர் மாத இதழ் ஒன்றில் எழுதினார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு பெட்டியைப் பற்றியாவது தப்பாக எழுதினார் என்று எவனும் சொன்னதில்லை.

ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. அளப்பது அவர், கேட்பது அவர் மனைவி நவமணி.

நவமணி தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். தாய்மார்கள் வேலைக்குப் போனபிறகு முப்பது குழந்தைகள் அங்கே கிடக்கும். எது அழுகிறது, எது அழப்போகிறது என்று வெளியே துணி காயப்போட்டுக்கொண்டே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காது. கடைக்காரர்கள் பெட்டியை அனுப்பினால் உமாபதி மூன்று நாள் அளப்பார். நாலாம் நாள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். ஒரு பாட்டு ஓடும்.

"பாடுறவன் வாசல்ல நின்னுதான் பாடுறான். உள்ள வர மாட்டேங்கறான்" என்பாள். "குரல் முன்வந்து ஒலிக்கவில்லை" என்று அவர் எழுதுவார். "சோத்துல கல்லு மாதிரி நடுவுல ஏதோ நெருடுது" என்பாள். அவர் திரும்பப் போய் அளப்பார். கல் எங்காவது அகப்படும்.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "நான் கேக்காதத எழுதாதீங்க." ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'அளந்ததும் கேட்டதும்: உமாபதி' என்று அச்சாகும். அது பொய் என்று அவருக்கு உறுத்தாமல் இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான, விடுங்க" என்று அவள்தான் அமர்த்திவிடுவாள்.

எண்பத்தாறாம் வருஷம் பங்குனியில் நவமணி செத்துப்போனாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், ஆஸ்பத்திரி லோரி வருவதற்குள் முடிந்துவிட்டது. உமாபதி அழவில்லை. பந்தலுக்குக் கம்பு ஊன்றினார், வந்தவர்களுக்குக் கலர் தண்ணி கொடுத்தார், பல்பு எரியாத இடத்தில் பல்பு மாட்டினார். கல்நெஞ்சுக்காரன் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அப்படித்தான் பட்டது. அழவேண்டும் என்று தெரிந்தது, அழுகைதான் வரவில்லை. பசியும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை, வந்தது ஆலைச் சங்கு மட்டும்தான். அது ஊதியதும் வேலைக்குப் போனார்.

கருமாதி முடிந்த அன்று, நவமணியின் தங்கை வேலம்மா இரண்டு ஸ்பீக்கர்கள் மேலும் வெள்ளைத் துணி போட்டு மூடினாள்.

"வருசம் திரும்புற வரைக்கும் இந்த வீட்டுல பாட்டு கேக்கக் கூடாது மாமா. ரேடியோவும் வேணாம்."

சரி என்றார். அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்த அவள்தான் அன்றுமுதல் தினமும் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

வைகாசியில் கிள்ளான் கடையிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபையர் வந்து இறங்கியது. இரண்டு ஆள் தூக்கவேண்டிய கனம். திருப்பி அனுப்பியிருக்கலாம். மனைவி இறந்துவிட்டாள், இந்த வருஷம் முடியாது என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுத அவருக்குக் கை வரவில்லை. அளப்பதற்குத்தான் சத்தம் தேவையில்லையே என்று மேசைமேல் ஏற்றினார்.

இந்த அளக்கிற வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. ஆம்ப்ளிஃபையரை அளக்கும்போது ஸ்பீக்கரை மாட்டுவதில்லை. அதற்குப் பதிலாகத் தடிமனான மின்தடைகளை மாட்டுவார்கள். உமாபதி அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, சூடு தாங்க ஆலை எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார். பெட்டி முழு பலத்தோடு கத்தும், எண்ணெய் சூடாகும், ஆனால் ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வராது. "இதுல வடை சுட்டாலாவது புண்ணியம்" என்று நவமணி கேலி செய்வாள். துக்க வீட்டுக்கு இதைவிடத் தோதான வேலை வேறு இல்லை. மூன்று இரவு அளந்தார். எண்கள் எல்லாம் அருமையாக வந்தன.

நாலாம் நாள் நாற்காலி காலியாக இருந்தது.

கட்டுரை எங்கே என்று இதழின் ஆசிரியரிடமிருந்து தந்தி வந்தது. உமாபதி பழைய நோட்டை எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு பெட்டியைப் பற்றி நவமணி சொன்னது அதில் இருந்தது: 'போட்டிருக்கா இல்லையான்னே தெரியல, அவ்வளவு சாது.' இந்தப் பெட்டியின் எண்களும் கிட்டத்தட்ட அதே எண்கள்தான். எழுதினார்: "இயங்குகிறதா என்றே தெரியாத அமைதி." கையெழுத்துப் போட்டு அனுப்பினார். தப்பு என்று அறிவுக்குத் தெரிந்தது. மனசுக்கு ஒன்றும் தெரியவில்லை, அது மரத்துக் கிடந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஆள். கையில் சுருட்டிய பத்திரிகை.

"உமாபதி சார் வீடுங்களா? நான் உடையப்பன், தஞ்சோங் காராங்ல சைக்கிள் கடை வச்சிருக்கேன். பதினோரு வருசமா நீங்க எழுதுறத ஒரு மாசம் விடாம படிக்கிறேன் சார். நீங்க நல்லதுன்னு சொன்னதாலதான் இந்த ஆம்ப்ளிஃபையர வாங்கினேன்."

"வாங்க. உக்காருங்க."

"பொட்டி முனகுது சார். பாட்டு போட்டாலும் முனகுது, போடலன்னாலும் முனகுது. கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டேங்கறான் லா. ஒங்க பக்கத்தையே கண்ணாடிக்குள்ள ஒட்டி வச்சிருக்கான். உமாபதி சாரே அமைதின்னு எழுதிட்டாரு, ஒனக்குத்தான் காது சரியில்லன்னு சொல்றான்."

"நான் அளந்தப்ப அப்படி ஒண்ணும்..." என்று உமாபதி ஆரம்பித்தார்.

உடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்றார். கழுத்தைச் சாய்த்தார்.

"இந்தா, இங்கயும் முனகுதே சார்."

அந்த நேரம் பார்த்து வேலம்மா தூக்கோடு வந்தாள். அவளும் நின்று கேட்டாள். "இதுவா? ரெண்டு மாசமா இந்தச் சத்தம் இருக்கே. நான் பிரிட்ஜுன்னுல நெனச்சேன்."

உமாபதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேசையருகே போனார். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அளந்து முடித்த அன்று அணைக்க மறந்தது, இரண்டு மாதமாக அப்படியே கிடந்திருக்கிறது. மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். நடுக்கம் தெரிந்தது. உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்ந்தன. கம்பி வழியே வருவதைத்தான் அவர் கருவிகள் அளக்கும், பெட்டியே போடும் சத்தத்தைக் காதுதான் அளக்கவேண்டும். நவமணி இருந்திருந்தால் முதல் நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

சுவிட்சை அணைத்தார்.

அப்போதுதான் கேட்டது. ஆலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. டர்பைன் ஓடும்வரை லயமே தூங்கும், அது நின்ற நிமிஷம் அத்தனை பேரும் விழித்துக்கொள்வார்கள். முனகல் நின்றதும் வீடு மொத்தமும் அவர் காதில் விழுந்தது. அடுப்படியில் சத்தமில்லை. பின்வாசல் குழாயடியில் சத்தமில்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்று பார்த்தார். யாரும் சொல்லவில்லை.

"நவமணி செத்துப்போச்சு" என்றார். நாலு மாதத்தில் அதை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறத்தியான் நிற்கிறான் என்றும் பாராமல், வாய்விட்டு அழுதார். வேலம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவளும் அழுதாள். உடையப்பனுக்கு யார் நவமணி என்று தெரியாது. பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அழுது முடியட்டும் என்று காத்திருந்தார்.

சாயங்காலம்வரை அவர் போகவில்லை. உமாபதி இரண்டு தாளில் ஒரே விஷயத்தை எழுதினார். ஒன்று ஆசிரியருக்கு, இன்னொன்று கிள்ளான் கடைக்குக் காட்ட உடையப்பன் கையில்.

"இத அச்சுல போட்டா அப்புறம் ஒங்கள எழுதவிட மாட்டாங்களே சார்" என்றார் உடையப்பன், படித்துப் பார்த்து.

"மாட்டாங்கதான்."

ஆம்ப்ளிஃபையர் முனகுகிறது, அதை வாங்கியவர்களிடமிருந்து கடை திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அதில் இருந்தது. அடியில், வழக்கமாகக் கையெழுத்துப் போடும் இடத்தில், இப்படி எழுதியிருந்தார்:

'அளந்தது: உமாபதி. பதினோரு வருஷமாகக் கேட்டது: என் மனைவி நவமணி. பங்குனி மாதம் அவர் காலமானார். இந்தப் பெட்டியை அவர் கேட்கவில்லை.'