பன்னிரண்டு மணி மணல்

பெரியவனே, சின்னவளே, இதை உங்களிடம் வாயால் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு மூன்று முறை ஆரம்பித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னவளே, நீ பிறந்ததால்தான் அம்மாவுக்குக் கால் போனது என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அதை முதலில் சொன்னவன் நான்.

உங்கள் அம்மாவுக்கு முதலில் வந்தது காலில் இல்லை, கண்ணில். சின்னவளே, நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. அப்போது நான் கல்பாக்கம் குடியிருப்பில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஒயர்மேனாக இருந்தேன். ஆள் காலி செய்த குவார்ட்டர்ஸில் அடுத்த ஆள் வருவதற்குள் ஒயரிங் பார்த்துக் கொடுக்க வேண்டும். நாம் புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்தவள் பையைக் கொட்டினாள்.

"இன்னாங்க, தக்காளி இப்படி வெளுத்துக் கீது?"

எனக்கு நல்ல சிவப்பாகத்தான் தெரிந்தது. அவள் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள், பிறகு மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். "இந்தக் கண்ணுக்கு செவப்பு, இந்தக் கண்ணுக்கு செங்கல்லு" என்று சிரித்தாள். கண்ணை உருட்டினால் வலிக்கிறது என்றாள். செங்கல்பட்டில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போகலாம் போகலாம் என்று இருந்தோம். மூன்று வாரத்தில் கண் தானாகத் தெளிந்துவிட்டது. சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்து துவைத்துக் கிழிந்து போனது.

அடுத்த வருஷம் செருப்பு. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிறோம். வலது கால் செருப்பு கழன்று ரோட்டில் கிடக்கிறது, அவள் பாட்டுக்குப் பத்து அடி போய்விட்டாள். பெரியவனே, நீதான் ஓடிப்போய் எடுத்து வந்தாய். "செருப்ப வுட்டுட்டு எங்கம்மா போற, கோயிலுக்கா?" என்று கேட்டாய். மூன்று பேரும் சிரித்தோம். அதன் பிறகு, காலில் பஞ்சு சுற்றின மாதிரி இருக்கிறது என்றாள். குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வரைக்கும் கரண்ட் இறங்குகிறது என்றாள். "ஒயர்மேன் பொண்டாட்டின்னா அப்படித்தான்" என்றேன் நான். அதற்கும் சிரித்தோம்.

நமக்கு மீன் கொண்டுவரும் அக்காதான் மணல் வைத்தியத்தைச் சொன்னது.

"டாக்டராண்ட போயி துட்ட அழுவாத. எங்க ஆளுங்களுக்கு வலை இழுத்து இழுத்து காலு மரத்துப் போச்சுன்னா இன்னா பண்றாங்க? உச்சி வெயில்ல முட்டி வரிக்கும் மணல்ல பொதைச்சிகினு குந்துவாங்க. ஒரு மண்டலம் செய்யி. உன் பொண்டாட்டி குதிப்பா பாரு."

அந்த அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வலிக்கு அது கேட்டிருக்கும். பங்குனி கடைசியில் ஆரம்பித்தேன். எனக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று. சைக்கிளில் வீட்டுக்கு வந்து, அவளைக் கேரியரில் உட்கார வைத்துக் கடற்கரைக்கு மிதிப்பேன். கையாலேயே பள்ளம் தோண்டி இரண்டு காலையும் உள்ளே வைத்து மூடுவேன். என்னால் அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

"யோவ், எனக்குச் சுடவே இல்லய்யா" என்றாள் முதல் நாளே.

"சுடலன்னா நல்லதுதானே. உனக்கு ஒத்துக்குது" என்றேன்.

எழுந்திருக்கும்போது கால் துணி மாதிரி துவளும். சைக்கிளுக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் சாயந்திரம் கடல் காற்று வந்து உடம்பு குளிர்ந்ததும் மறுபடி நடப்பாள். அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். மருந்து முதலில் படுக்க வைத்து, பிறகு எழுப்புகிறது என்று நினைத்தேன். நாள் முழுக்க வெயிலில் ஓடுகிற எனக்கு, கெடுத்தது வெயில், தேற்றியது குளிர்ச்சி என்று புரியவில்லை.

ஒன்பதாம் நாள் "வேணாங்க, நாளுக்கு நாள் மோசமாத்தான் கீது" என்றாள். நான் கேட்கவில்லை. பதினொன்றாம் நாள் பள்ளத்திலிருந்து தூக்கி நிறுத்தினேன், அப்படியே சரிந்தாள். எனக்கு ஒரு மணிக்குள் வேலைக்குப் போக வேண்டும். "நடிக்காதடி, எழுந்திரு" என்று கத்தினேன். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மணலைத் தட்டிவிட்டபோதுதான் பார்த்தேன், இரண்டு பாதத்திலும் கொப்புளம். தோல் வெந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை.

மணலை அன்றோடு விட்டோம். புண் ஆற இரண்டு மாதமானது. கொஞ்ச நாளில் நீ வயிற்றில் வந்தாய், சின்னவளே. அந்த மாதங்களில் அவள் நன்றாக இருந்தாள். கல்யாணமான புதிதில் நடந்த மாதிரி நடந்தாள். நீ பிறந்து மூன்றாம் மாதம், உன்னைத் தூக்கக் கை வராமல் போனது. பிறகு காலும் போனது.

சென்னையில் ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். நான் ஒயர்மேன் என்று தெரிந்ததும், "நரம்பு மேல இருக்கிற இன்சுலேஷன் அங்கங்க உரியுது. உடம்பே அதை உரிக்குது" என்றார்.

"பைப்புக்குள்ள இழுத்த ஒயரு கெட்டா வெளியே உருவிட்டு வேற இழுப்போம் சார்" என்றேன்.

"இதுல அது முடியாதுப்பா."

பிறகுதான் கேட்டார், "முதல்ல எப்போ ஆரம்பிச்சது?" பக்கத்தில் உங்கள் பெரியம்மா நின்றிருந்தார். கண், செருப்பு, முதுகில் கரண்ட் என்று வரிசையாகச் சொன்னால், அதற்கு என்ன செய்தாய் என்று கேட்பார்கள். மணல் வெளியே வரும். "புள்ள பொறந்ததுக்கு அப்புறம்தான் சார்" என்றேன். உங்கள் அம்மா கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். அடுத்த முறை பெரியம்மா இல்லாதபோது, கண்ணிலிருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் அவளே சொன்னாள். மணலால் நோய் வரவில்லை, வெப்பத்தில் அந்த நேரத்துக்குத்தான் அதிகமாகும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் பெரியம்மா ஊருக்கு எடுத்துப் போனது என் பேச்சைத்தான்.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். குச்சி, பிறகு சுவர், பிறகு சக்கர நாற்காலி. மற்றவர்கள் வீட்டில் பாத்ரூம் படியைத் தாண்ட முடியாது என்று, விசேஷத்துக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். போகப் போக விசேஷத்துக்குப் போவதையே விட்டாள். சித்திரை வைகாசியில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் கிடப்பாள். உனக்குச் சடை பின்னப் பார்த்து, விரல் பிரியாமல், பாதியில் ரிப்பனை என்னிடம் நீட்டுவாள்.

உனக்குப் பத்து வயதில், செங்கல்பட்டில் ஒரு காதுகுத்துக்கு உன்னை மட்டும் கூட்டிப் போனேன். பந்தியில் பெரியம்மா யாரிடமோ உன்னைக் காட்டி, "இவ பொறந்தா, அவ காலு போச்சு" என்றார். எனக்கே கேட்டது. திரும்பி வரும்போது டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்திருந்தாய். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டாய்.

"நைனா, நான் பொறக்கலன்னா அம்மா நடந்துகினு இருக்குமா?"

"காத்துல ஒண்ணும் கேக்கல கண்ணு. வூட்ல போயி பேசலாம்" என்றேன். நன்றாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து நீ மறுபடி கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மறுநாள் ஒரு காலி குவார்ட்டர்ஸில் வேலை. சுண்ணாம்பு அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே ஒரு சாமான் இல்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு, டெஸ்டரைத் தரையில் வைத்தேன். "கண்ணு, உன்னால இல்ல" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சுவர் திருப்பிச் சொன்னது. "மொதல்ல கண்ணு வந்துது. அப்புறம் காலு. அதுக்கப்புறம்தான் நீ பொறந்தே. பெரியம்மாவாண்ட மாத்திச் சொன்னது நான்தான்." அந்தக் கடைசி வார்த்தை பாதியில் நின்றது. முதலிலிருந்து மறுபடி சொன்னேன். நான்காம் முறைதான் முழுசாகச் சொல்ல முடிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஹாலில் பழைய ஒயரை உருவ ஆரம்பித்தேன்.