வார்னிஷ் காயாத ஊர்

கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டிப் பிழைப்பவன் நான். அன்னூர் நண்பர்கள் நடத்தும் சிறு தொண்டுக் குழுவோடு நேபாளத்து மலைக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். அங்கே நிலச்சரிவில் ஊற்று மூடிப்போயிருந்தது. பெண்கள் செங்குத்தான பாதையில் ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். பனி இறுகிவிட்டால் அந்தப் பாதையில் கால் வைக்க முடியாது. அதற்குள் மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பொருத்தினோம். ஓல்டேஜ் ஏறி இறங்கி, மறுநாளே காயில் கருகிவிட்டது. நான் பதறவில்லை. செம்புக் கம்பி, காகிதம், வார்னிஷ் எல்லாம் பெட்டியில் இருந்தன. புதிதாகக் கட்டி, வார்னிஷை ஊற்றிவிட்டுத் திமிராக எழுந்தேன். அப்புறம்தான் உறைத்தது, வார்னிஷ் காயாமல் கரண்ட் கொடுத்தால் காயில் மறுபடி கருகிவிடும். எங்கள் பட்டறையில் வார்னிஷ் ஊற்றியதை மொட்டை மாடியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கேயோ மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போனது. பல்பு சூட்டில் காயவைக்கலாமென்றால் ஊரெல்லாம் எல்.ஈ.டி. பல்பு. எவன் கண்டுபிடித்தானோ, சூடே கிடையாது.

பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, வெயில்ல வெச்சா காஞ்சுபோயிருமுங்களே?"

"வெயிலுக்கு எங்க போறது அம்மணி?"

"அப்ப நெருப்புல காட்டுங்க."

நான் தங்கியிருந்த வீட்டுப் பெண்ணுக்கு நிறைமாதம். கணவன் வளைகுடாவில் வேலை செய்தான். பட்டறையில் வேலை பார்க்கும் வடநாட்டு ஆட்களிடம் கற்ற அரைகுறை இந்தியில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே சுவரோரம் அடுக்கியிருந்த விறகை எடுத்து நெருப்பு மூட்டினாள். காயிலை அதற்கு மேலே தொங்கவிட்டோம்.

காயிலில் ஈரம் இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஈரம் என்றே காட்டியது. மறுபடி விறகு, மறுபடி ஈரம். அது அவள் பிரசவத்துக்கென்று சேர்த்த விறகு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மற்ற வீட்டு விறகையும் மேலே இருந்த காட்டையும் சரிவு கொண்டுபோயிருந்தது.

"போதும் கண்ணு, உட்டுரு கண்ணு!" என்று தமிழிலேயே கத்தினேன். வாயில் இந்தி வரவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "தண்ணீர் இல்லாத ஊரில் எப்படிப் பிள்ளை பெறுவது?" என்று அவள் மொழியில் கேட்டதை, பக்கத்து வீட்டுக்காரி இந்தியில் எனக்குச் சொன்னாள். அதற்குள் நிறைமாதக்காரி அடுத்த கட்டையைப் போட்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் எங்கள் ஊர் வெயிலைத் திட்டியிருக்கிறேன். அன்று அதை நினைத்து அழுதேன். புகை கண்ணில் பட்டதென்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசிக் கட்டையும் எரிந்த பிறகுதான் மெக்கர் முள் நகர்ந்தது. மோட்டாரை ஆற்றங்கரைக்கு இறக்கிப் பொருத்தி, சுவிட்சைப் போட்டோம். மேலே தொட்டியில் தண்ணீர் விழுந்தபோது ஊரே கத்தியது. எனக்குச் சால்வை போட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். எனக்குத் தேநீர் போட அடுப்பருகே உட்கார்ந்தவள், காலியான சுவரோரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, குடத்திலிருந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் மோந்து கொடுத்தாள்.

வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. குடித்தேன். பல்லெல்லாம் கூசியது. பிறக்கப்போகிற குழந்தையை அவள் இந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்ட வேண்டும்.